பின்குறியைத் திருகாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் நன்றாக நடக்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அவளுக்கு எங்கள் ஆசிகளைச் சொல். இங்கே அனைவரும் நலம்.

கடிதத்தைப் படித்ததைவிட, அதனுடன் நீ மடித்து வைத்திருந்த இலக்கு அட்டையைப் பார்த்த நேரம்தான் அதிகம். இத்தனை ஆண்டுகளாக நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் இருந்தவன், கடைசியில் ஏர் பிஸ்டலை, காற்றழுத்தத்தால் சிறு ஈயக் குண்டைச் சுடும் அந்தக் கைத்துப்பாக்கியை, கையில் எடுத்துவிட்டாய்! அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

துளைகள் இடப்பக்கம் விழுவதால் பின்குறியை, அதாவது துப்பாக்கியின் பின்பக்கத்தில் குறிபார்க்க உதவும் வெட்டுள்ள தகட்டை, திருகிச் சரிசெய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதைத் தொடாதே. அட்டையை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை பார். நடுவில் சில துளைகள், பத்துப் புள்ளி வட்டத்திலும் ஒன்பது புள்ளி வட்டத்திலுமாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. மற்றவை அங்கிருந்து கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் திசையில் வால் போல நீண்டு இறங்குகின்றன. குறி தவறாகப் பொருத்தப்பட்டிருந்தால் எல்லாத் துளைகளும் கூட்டமாகவே ஒரு பக்கம் தள்ளி விழுந்திருக்கும். உன் அட்டையில் கூட்டம் நடுவில்தான் இருக்கிறது, சில மட்டும் கீழே இழுபட்டிருக்கின்றன. வலக்கையால் சுடுபவருக்குத் துளைகள் இடப்பக்கம் கீழே இறங்கினால், பெரும்பாலும் கடைசிக் கணத்தில் விசையை வெடுக்கென்று இழுக்கிறார், அல்லது விசை விரலோடு சேர்ந்து மற்ற விரல்களும் இறுகுகின்றன என்று கொள்ளலாம். நீ பின்குறியைத் திருகினால் நன்றாகச் சுட்ட அந்த நடுத் துளைகளும் கெட்டுப்போகும்.

ஏன் வெடுக்கென்று இழுக்கிறோம்? கை ஆடுவதைப் பொறுக்க முடியாததால்தான். நீட்டிய ஒற்றைக் கையில் ஒரு கிலோ எடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க உலகில் யாராலும் முடியாது. துப்பாக்கி மெதுவாக அலைந்துகொண்டே இருக்கும். அது சரியான இடத்தைக் கடக்கும்போது 'இதோ, இப்போது!' என்று மனம் கூவும், விரல் அவசரப்படும். அந்த அவசரம் துப்பாக்கியின் முனையைத் திருப்பிவிடுகிறது. கை ஆடியதால் இழந்திருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகமாக இழந்துவிடுகிறோம்.

இதற்குக் கணக்கே இருக்கிறது. பொறுமையாகப் படி, ஏனென்றால் இது புரிந்தால் பாதிக் கலை கைவந்த மாதிரி. உன் துப்பாக்கியில் குழல் முனையில் நிற்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 32 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். இரண்டு குறிகளும் சரியாக ஒன்றியிருக்க, துப்பாக்கி முழுவதும் சமமாக 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் அட்டையில் அதே 5 மில்லிமீட்டர்தான் நகரும். பத்து வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஆகவே அது இன்னும் பத்துதான். ஆனால் பின்குறியின் வெட்டுக்குள் முன்குறி வெறும் 1 மில்லிமீட்டர் ஒதுங்கினால், 10 மீட்டர் தொலைவில் அது சுமார் 31 மில்லிமீட்டராக விரிந்துவிடும். ஏழு வட்டத்தின் கோட்டைத்தான் தொடும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் ஆட்டம் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத சின்ன விலகல்தான் மூன்று புள்ளிகளைப் பறிக்கிறது.

ஆகவே பார்வை முன்குறியின் மேல் விளிம்பில் நிலைத்திருக்க வேண்டும். கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியட்டும், அதில் தவறே இல்லை. அந்த வட்டத்துக்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் முன்குறியை நிறுத்து. இரண்டு பக்கமும் சமமான வெளிச்சக் கீற்று தெரிகிறதா, மேல் விளிம்புகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று மட்டும் பார். குறி ஆடட்டும். விரலின் அழுத்தம் நிற்காமல் சீராகக் கூடிக்கொண்டே போகட்டும். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் விசைக்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேண்டும். அது எந்தக் கணத்தில் விடுபடும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்காதே.

எட்டு, பத்து வினாடிகளில் விடுபடவில்லையென்றால் கையை இறக்கிவிடு. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் தூக்கு. போட்டியிலேயே 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். கையை இறக்குவது தோல்வி என்று நினைப்பவர்கள்தான் களைத்த கண்ணோடும் நடுங்கும் கையோடும் சுட்டு அட்டையைப் பாழாக்குகிறார்கள். பயிற்சித் தளத்தில் இதை நான் ஓயாமல் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

சுட்ட பிறகும் ஓரிரு வினாடி அப்படியே நில். அட்டையைப் பார்ப்பதற்கு முன், குண்டு எங்கே போயிருக்கும் என்று உனக்கு நீயே சொல்லிக்கொள். விசை விடுபட்ட கணத்தில் முன்குறி எங்கிருந்தது என்பதைக் கண் பதிவுசெய்திருந்தால் உன் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஊகிக்கவே முடியவில்லையென்றால் அந்தக் கணத்தில் நீ கண்ணை மூடியிருக்கிறாய், அல்லது பார்வை கறுப்பு வட்டத்துக்கு ஓடியிருக்கிறது. அட்டையில் விழும் எண்ணைவிட இந்த ஊகம் சரியாவதுதான் முன்னேற்றம் என்பேன்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. குண்டு இல்லாத துப்பாக்கியை வெற்றுச் சுவருக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்திப் பழகு. சுவரில் வட்டமோ புள்ளியோ எதுவும் வேண்டாம். குறிவைக்க எதுவும் இல்லாதபோதுதான் விசையின் கணத்தில் முன்குறி துள்ளுவது தெரியும். குண்டுகள் வேறு அறையில் பூட்டி இருக்கட்டும். துப்பாக்கி காலிதானா என்று கண்ணாலும் பார், விரலாலும் தொட்டுப் பார், பிறகு இன்னொரு முறை பார். அந்தச் சுவருக்கு அப்பால் யாரும் இருக்கக் கூடாது. உன் ஏர் பிஸ்டலில் வெற்றாக அழுத்திப் பழகுவதற்கென்று ஓர் அமைப்பு இருக்கும். பின்னாளில் .22 துப்பாக்கிக்கு (0.22 அங்குலத் தோட்டா போடுவது) மாறினால் அதைக் காலியாக அழுத்தலாமா என்று கையேட்டைப் பார்த்துக்கொள். சிலவற்றில் உள்ளே அடிக்கும் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதிப் பழுதாகிவிடும். போலித் தோட்டா போட்டுப் பழகுவது நல்லது.

முன்குறியே மங்கலாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அது நம் வயதின் வேலை. கண் மருத்துவரிடம் சுடுவதற்கென்று தனிக் கண்ணாடி கேள். தூரப் பார்வைக்கான எண்ணோடு 0.50 அல்லது 0.75 கூட்டினால் பெரும்பாலும் முன்குறி தெளிந்துவிடும், கறுப்பு வட்டமும் ஓரளவு தெரியும். நிற்கும் நிலையில் கையை நீட்டி, கண்ணிலிருந்து முன்குறி வரையான தூரத்தை அளந்து எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு வேலை எளிது. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுடாதே.

வயதைப் பற்றி ரொம்பவும் கவலைப்பட்டிருக்கிறாய். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகெச்சுக்கு அப்போது வயது 51. ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு அவர் நின்ற படத்தைப் பார்த்து ஊரே வியந்தது. அலட்சியமாக நிற்கிறார் என்று பலர் நினைத்தார்கள். சுடாத கை தொங்கிக்கொண்டிருந்தால் தோளும் உடம்பும் அசையும். அதைத் தடுக்கத்தான் பையிலோ இடுப்புப் பட்டையிலோ கையைச் செருகிக்கொள்கிறோம். நீயும் அப்படியே செய்.

ஹங்கேரியின் காரோய் தகாச்சை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்தது. யாருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சின்கியிலும் விரைவு பிஸ்டலில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் ஐந்து இலக்குகளை ஐந்து குண்டுகளால் சில வினாடிகளுக்குள் சுட வேண்டும். பழகாத கைக்கு அதைக் கற்றுக்கொடுக்க அவர் எத்தனை ஆயிரம் முறை விசையை அழுத்தியிருப்பார்!

என் பக்கத்துச் செய்தி: இப்போது 25 மீட்டரில் .22 சுடுகிறேன். அதோடு, சங்கத்தில் இருக்கும் பழைய ரிவால்வர் ஒன்றின் மீது ஆசை வந்துவிட்டது. சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுட்டால் உருளை சுழல்கிறது, சுத்தியல் எழுகிறது, கடைசியில் விழுகிறது. எல்லாம் ஒரே நீண்ட, கனமான அழுத்தத்தில். இடையில் எங்கே விரல் தயங்கினாலும் குறி விலகிவிடும். ஒரு மாலை முழுவதும் அதைச் சுட்டுவிட்டு மெல்லிய விசைக்குத் திரும்பினால் விரல் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது. சுட்டு முடித்தபின் அதைப் பிரித்து, குழலைத் துடைத்து, எண்ணெய் தொட்டு வைக்கும் அரை மணி நேரமும் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்போது வேறெந்தக் கவலையும் மனதுக்கு வருவதில்லை.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். தளத்தில் பக்கத்துப் பாதையில் தோட்டாத் துப்பாக்கி சுடுகிறார்கள் என்றாயே, நீ ஏர் பிஸ்டல் சுட்டாலும் காதுக் கவசமும் கண் கவசமும் கட்டாயம் போட்டுக்கொள். அந்தச் சத்தம் 140 டெசிபெலைத் தாண்டும், போன காது திரும்பி வராது. ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதே.

அடுத்த கடிதத்தோடு இரண்டு அட்டைகள் அனுப்பு. ஒன்றில் குண்டு விழுந்த இடம் இருக்கட்டும், மற்றதில் ஒவ்வொரு குண்டுக்கும் நீ ஊகித்த இடத்தைப் பென்சிலால் குறித்திரு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு விரிவாக எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்