மெஸ் அண்டாவும் கோல் போஸ்ட்டும்

நாஷ்வில்,
20 அக்டோபர் 2024

மாப்ளே,

நீ பொங்கலுக்குப் போட்ட கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே, சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம், ஒருத்தன் தவிர.

பெரியவன்தான். இந்த மாதம் 5ஆம் தேதி அவன் படிக்கிற வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கும் அலபாமா பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அலபாமா அன்று நாட்டிலேயே முதலிடம். இவர்கள் படிப்பாளிக் கூட்டம். அலபாமாவைக் கடைசியாக ஜெயித்தது 1984இல், நீயும் நானும் டவுசரில் திரிந்த காலம். அன்றைக்கு 40–35 என்று கவிழ்த்துவிட்டார்கள்!

ஆட்டம் முடிந்ததுதான் தாமதம், பசங்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். கோல் போஸ்ட்டைச் சாய்த்து, தோளில் ஏற்றி, பிராட்வே கடைத்தெரு வழியாக இரண்டு மைலுக்கு மேல் சுமந்துபோய்க் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். பிள்ளையார் கரைப்பதேதான், கொழுக்கட்டைதான் இல்லை. டிவியில் பார்த்துக் கை தட்டினேன். அப்புறம் ஃபோன்: "அப்பா, நானும் தூக்கினேன்!"

அப்போதும் சிரித்தேன். படுத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. 2001இல் பால் ஸ்டேட் என்ற பல்கலைக்கழகத்தில் இப்படிச் சாய்த்த கம்பம் ஒரு பையன் முதுகில் விழுந்து, கால் இரண்டும் செயலிழந்து போயிற்று. 2005இல் மினசோட்டாவில், மோரிஸ் என்ற ஊரில், ஒரு மாணவன் செத்தே போனான். ஜெயித்த நாளில்டா! பத்துப் பேர் ஏறித் தொங்கினால் கம்பம் எந்தப் பக்கம் முறியும், யார் தலையில் இறங்கும், யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை லீக் வாண்டர்பில்ட்டுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. தூக்கியவனுக்கு அது உறைக்குமா? 2022இல் நாக்ஸ்வில்லில் டென்னஸி பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதே அலபாமாவை 52–49 என்று ஜெயித்துக் கம்பத்தை ஆற்றில் போட்டபோதும் அதே ஒரு லட்சம்தான். புதுக் கம்பம் வாங்கக் கல்லூரியே ரசிகர்களிடம் உண்டியல் குலுக்கியது!

மறுநாள் கண்டிப்பதற்கென்றே ஹாஸ்டலுக்குப் போனேன். உள்ளங்கைச் சிராய்ப்பை மெடல் மாதிரி நீட்டிக் காட்டினான். வாயைத் திறந்தேன், காலேஜில் நாம் மெஸ் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஞாபகம் வந்தது. பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்காக இவள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, என்னிடம்தான்.

டிசம்பரில் வருகிறோம், அவனும் வருகிறான். அண்டா கதையை அவனிடம் உளறிவிடாதபடி, அந்த ஒரு வாரம் நம்ம நெட்டையை எங்காவது கோயில் குளம் என்று அனுப்பி வை.

உன்,
மொட்டை