எஞ்சின் மணிக் கணக்கு பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மஸ்காவ் கடைக்கு வந்து போகிற உங்களில் பலருக்கு இந்நேரம் அந்தச் செய்தி எட்டியிருக்கும். பாவ்ச்சா தக்கா படகுத்துறையில் டீ குடிக்கப் போனால் கேட்கிறார்கள், மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போன என் மனைவியிடமும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி கடையில் மீட்டரைத் திருப்பி வைத்துப் படகு விற்கிறார்களாமே?" வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் டாஷ்போர்டு மீட்டர் 310 மணி காட்டுகிறது, பக்கத்திலுள்ள எஞ்சின் கம்ப்யூட்டர் அறிக்கையில் 1,140 மணி. படம் உண்மைதான். அதன் கீழே எழுதியிருப்பதுதான் பொய்.

அந்தப் படகை நாங்கள் வாங்கி விற்கவில்லை. உரிமையாளர் விற்றுத் தரச் சொன்னார், நாங்கள் நடுவில் நின்றோம். டாஷ்போர்டில் இருக்கும் மணி மீட்டர் எஞ்சினோடு பிறந்ததல்ல. பெரும்பாலான படகுகளில் அது சாவியைத் திருப்பினால் மின்சாரம் பெற்று ஓடும் ஒரு தனிக் கருவி. எஞ்சின் நின்றிருந்தாலும் சாவி திறந்திருந்தால் அது எண்ணிக்கொண்டே போகும். கம்பி விட்டுப்போனால் எஞ்சின் நாள் முழுக்க ஓடினாலும் எண்ணாது. உப்புக்காற்றில் கெட்டுப்போனால் புதியதை மாட்டுவார்கள். புதியது பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். இந்தப் படகில் நடந்தது அதுதான். எங்கள் ரசீதில் 'மீட்டரில் தெரியும் மணி 310' என்று எழுதியிருந்தோம். 'எஞ்சின் ஓடிய மணி' என்று எழுதவில்லை. இதை வக்கீல் பேச்சு என்று ஒருவர் சொன்னாராம். இத்தனை காலம் இதே தெருவில் கடை வைத்திருப்பவன், கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை அப்படியே விட்டுவிட்டு, எவர் கண்ணுக்கும் தெரிகிற மீட்டரை மட்டும் திருப்பி வைப்பானா? மோசடி செய்பவனுக்கும் கொஞ்சம் புத்தி இருக்கும் என்றாவது நினைத்திருக்கலாம். முதலிலேயே கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அந்த வேலையைப் பார்த்துவந்த தம்பி அப்போது துபாய்க்குப் போய்விட்டிருந்தார்.

அது கிடக்கட்டும். பழைய அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின், வாங்கும்போது மணிக் கணக்கை எப்படி எடைபோட வேண்டும் என்பதை ஒருமுறை எழுத்தில் வைத்துவிடுகிறேன். கடையில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

யமஹா, சுசுகி, மெர்குரி போன்ற நிறுவனங்களின் பெட்ரோல் இஞ்செக்‌ஷன் எஞ்சின்களில் உள்ள கம்ப்யூட்டர், ஓடிய மணியைத் தானே பதிந்துகொள்கிறது. எத்தனை மணி என்பதோடு எந்த வேகத்தில் எத்தனை மணி என்பதையும் அது பிரித்துச் சொல்லும். யமஹா அறிக்கையில் இது நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு ஒரு பகுதியாக வரும். எனக்கு மொத்த எண்ணைவிட இந்தப் பிரிவுதான் முக்கியம். படத்தில் இருக்கும் அந்த 1,140 மணியில் பாதிக்கு மேல் 1,000 சுற்றுக்குக் கீழே ஓடியது. தூண்டில் போடுகிறவர்கள் மெல்ல நகர்த்திய மணிகள் அவை. 5,000 சுற்றுக்கு மேல் ஓடியது மிகக் குறைவு. படத்தைப் பரப்பியவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

கம்ப்யூட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அதைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் பழைய கணக்கும் அதோடு போய்விடும். டில்லர் என்ற கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் சிறிய கார்புரேட்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் மீட்டரே இருக்காது. கன்னியாகுமரிப் பக்கம் அனுப்ப எஞ்சின் கேட்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் உள்ளே கரி அதிகம் கட்டியிருக்கும். அதன் ஒரு மணியும் பெட்ரோலில் ஓடியதன் ஒரு மணியும் சமமில்லை.

எண் இருந்தால் அதை வயதோடு வைத்துப் பாருங்கள். எஞ்சினைப் படகில் பிணைக்கும் பிராக்கெட்டில் உள்ள தகட்டின் வரிசை எண்ணைக் கொண்டு எஞ்சின் எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்கலாம். படகின் ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய படகில் புது எஞ்சினும் இருக்கும், புதுப் படகில் பழைய எஞ்சினும் இருக்கும். மும்பையில் ஜூன் பிறந்தால் படகுகள் கரையேறிவிடும், பொழுதுபோக்குப் படகுகளுக்கு அக்டோபர் முதல் மே வரைதான் காலம். ஞாயிறுதோறும் அலிபாக் பக்கம் போய்வருகிறவருக்கு ஆண்டுக்கு 50 முதல் 100 மணி வரை சேர்வது இயல்பு. பத்து ஆண்டு எஞ்சின் 90 மணி காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், கேள்வி கேளுங்கள். மறுபக்கம், கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிற படகு ஒரு நாளைக்கு ஆறு மணி ஓடினாலும், 200 நாளில் 1,200 மணி ஆகிவிடும். இரண்டு வயது எஞ்சின்தானே என்று ஏமாந்துவிடக் கூடாது.

பிறகு ரசீதுகள். பொதுவாக முதல் சர்வீஸ் 20 மணியில், அதற்குப் பின் 100 மணிக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. 300 மணி ஓடிய எஞ்சின் என்றால் நான்கு ரசீதாவது இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அன்றைய மணி எழுதியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. நம்மவர்கள் கல்யாண மொய் நோட்டைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பார்கள், சர்வீஸ் ரசீதை மட்டும் அடுத்த நாளே கசக்கிப் போட்டுவிடுவார்கள்.

குறைந்த மணியைப் பற்றி இருக்கும் மயக்கத்தையும் சொல்ல வேண்டும். பூட்டிக் கிடக்கிற வீட்டில்தான் கறையான் ஏறும். ஓடாமல் நிற்கும் எஞ்சினில் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் மடிந்தபடியே இறுகிவிடும், கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பசையாகப் படியும், நல்ல தண்ணீரால் கழுவாமல் விட்டிருந்தால் குளிர்விக்கும் வழிகளில் உப்பு அடைக்கும். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. 20 சதவீதக் கலப்பு 2023இல் பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலம் முழுக்கப் பாதி டேங்கோடு நிற்கும் படகில் தண்ணீர் பிரிந்து அடியில் தேங்கும், எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான்.

நேரில் பார்க்கும்போது முதலில் எஞ்சின் மேல் கை வையுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்புகிற விதத்தில் பாதி கதை தெரிந்துவிடும். கியர் ஆயிலின் அடித் திருகைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்க்கும்போது எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். மூடியைக் கழற்றியதும் போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயிண்ட் உதிர்ந்திருந்தால் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். கடைசியாக, கடலில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பல நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் 5,000 முதல் 6,000 சுற்றுக்குள் போக வேண்டியவை. அதை எட்டவில்லை என்றால் ப்ரொப்பல்லர் பொருந்தவில்லை, அல்லது எஞ்சின் தளர்ந்திருக்கிறது.

சர்ச்சைக்குள்ளான அந்த எஞ்சின் இவற்றில் ஒன்றில்கூடத் தவறவில்லை. கம்ப்ரஷன் தாளின் நகல் கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வாங்கியவரும் படகைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

வதந்தி சுற்றிய நாட்களில் போன் செய்து, "அண்ணாச்சி, நாங்கள் இருக்கிறோம்" என்ற ஆண்டாப் ஹில், சயான், தாராவி நண்பர்களுக்கும், வழக்கம்போல் எஞ்சினை இங்கேயே அனுப்பிய மாண்ட்வா படகுக்காரர்களுக்கும் என் குடும்பத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. அந்த வார்த்தைகள் இல்லையென்றால் இந்த மடலை இன்னும் சூடாக எழுதியிருப்பேன்.

இனி எங்கள் வழியாகக் கைமாறும் ஒவ்வொரு எஞ்சினுக்கும், கம்ப்யூட்டர் இருந்தால், அறிக்கையின் முழுப் பக்கங்களும் ரசீதோடு தரப்படும். புதிய ஆள் பழகும் வரை அறிக்கைக்கு ஒரு வாரம் ஆகலாம். பரிசோதனைக் கட்டணம் ரூ.4,000, படகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் திருப்பித் தரப்படாது. மழைக்கு முன் எஞ்சினைக் கழற்றிச் சர்வீஸ் செய்ய விரும்புகிறவர்கள் மே பதினைந்துக்குள் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் வைக்க இடமில்லை.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
மஸ்காவ், மும்பை