அப்பாவின் டார்ச்சுக்கு எது பொருந்தும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் உள்ளே வைத்திருந்த படமும் கிடைத்தன. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பகலில் வீடு வெறிச்சென்று இருப்பதால் பழைய டார்ச்சுகளையெல்லாம் மறுபடி மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அப்பாவின் டார்ச்சில் எல்இடியை மாற்றிவிட்டுச் சுவரில் அடித்து எடுத்த உன் படத்தில் நடுவே இருட்டும் சுற்றிலும் வளையமும் தெரிகின்றன. எல்இடி பழுதா என்று கேட்டிருக்கிறாய். பழுது இல்லை. நீ கழற்றியது ஒரே சிப் உள்ள சின்ன எல்இடி. மாட்டியிருப்பது எக்ஸ்எச்பி50 என்ற பெரிய எல்இடி. அதில் ஒளிவிடும் நான்கு சிப்கள் சதுரமாக ஒட்டி உட்கார்ந்திருக்கும்; நடுவில் கூட்டல் குறி போல ஒளி வராத கோடு ஓடும். எல்இடியைச் சுற்றியுள்ள கிண்ணம், அதாவது ரிஃப்ளெக்டர், வழுவழுப்பாக இருந்தால் எதையும் மறைக்காது, அந்த இடைவெளியையும் கொண்டுபோய்ச் சுவரில் காட்டிவிடும். ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பான ரிஃப்ளெக்டர் போட்டால் அது கரைந்துவிடும். தூரம் கொஞ்சம் குறையும், வெளிச்சம் மென்மையாகும்.

ஆனால் வளையம் அவ்வளவு கனமாகத் தெரிவதைப் பார்த்தால் கிண்ணத்துக்குள் எல்இடி இருக்கும் உயரமும் தப்பியிருக்கிறது. ஒன்று செய். டார்ச்சை அணைத்து மேசைமேல் உன்னைப் பார்த்தாற்போல் வைத்துவிட்டு, ஏழெட்டடி தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் கிண்ணத்துக்குள் நேராகப் பார். எல்இடியின் மஞ்சள் நிறம் கிண்ணம் முழுக்கப் பூசினாற்போல் நிறைந்திருந்தால் அது குவியத்தில் இருக்கிறது. எங்காவது சாம்பல் வளையம் தெரிந்தால் விலகியிருக்கிறது. எல்இடியைச் சுற்றிப் போடும் அந்தப் பிளாஸ்டிக் வளையத்தின் கனத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 0.2 மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ கற்றை மாறிவிடும். உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்று. பொறுமை வேண்டிய வேலை. அதற்காக அந்த வளையத்தையே எடுத்துவிடாதே. போன வருடம் நான் அப்படிச் செய்து, அலுமினிய ரிஃப்ளெக்டரின் அடிப்பக்கம் சாலிடரைத் தொட்டு ஷார்ட் ஆகி, எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சுற்று, நல்ல டிரைவர் ஒன்று, புகைந்து போனது. குவியத்துக்கு மட்டுமல்ல, காப்புக்கும் அதுதான்.

லூமென் மூன்று மடங்கு ஆகியும் தூரம் ஏன் கூடவில்லை என்ற உன் கேள்வியைத்தான் பெரிதாக நினைக்கிறேன். லூமென் என்பது மொத்த ஒளி. தூரத்தைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: எல்இடியின் ஒரு சதுர மில்லிமீட்டர் எவ்வளவு பளிச்சென்று எரிகிறது, ரிஃப்ளெக்டரின் வாய் எவ்வளவு அகலம். பெரிய சிப் போட்டால் நடுப் பொட்டு அகலமாகுமே தவிர, கூர்மையாகாது. வாயின் விட்டத்தை 20 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆக்கினால் பரப்பு நான்கு மடங்கு, கேண்டெலாவும் (ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவு) ஏறக்குறைய நான்கு மடங்கு, தூரம் மட்டும் இரண்டே மடங்கு. கணக்கு எளிது: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000க்கு 400. அதுவும் அந்தத் தூரத்தில் பரப்பின்மேல் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், முழுநிலா வெளிச்சம் அளவுக்குத்தான். லக்ஸ் மீட்டர் இருந்தால் 5 மீட்டரில் நடுப் பொட்டை அளந்து 25ஆல் பெருக்கு, கேண்டெலா வந்துவிடும்.

ஜூம் டார்ச்சின் குவிலென்ஸை எடுத்து இதில் போடலாமா என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம். எல்இடி விடும் ஒளியில் நேர் அச்சிலிருந்து 30 பாகைக்குள் போவது ஏறக்குறைய கால் பங்குதான். ரிஃப்ளெக்டர் அந்தக் கால் பங்கை நேராக வெளியே விட்டு, மிச்சம் முக்காலைப் பிடித்துப் பொட்டாக்கும். லென்ஸ் நேர்மாறு. தூரத்துக்காக முன்னே இழுக்கும்போது அந்தக் கால் பங்கை மட்டும் பிடித்து, முக்காலைக் குழாயின் உட்சுவரில் விரயமாக்கும். சுவரில் விழுவதும் சிப்பின் சதுர உருவம்தான். உன் எல்இடியானால் நான்கு கட்டமும் நடுக்கோடும் அச்சடித்தாற்போல் தெரியும்.

இந்த டார்ச் யாருக்காக? ராத்திரி எழுந்து நடக்கும் அப்பாவுக்கு என்றுதானே முதல் வரியில் எழுதினாய்? அவருக்கு வேண்டியது காலடியும் அடுத்த பத்தடியும். இருட்டுக்குப் பழகிய கண்ணில், வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் கூர்மையான பொட்டு கூசும். அவருக்கு டிஐஆர் லென்ஸ் போடு; ரிஃப்ளெக்டருக்குப் பதிலாக எல்இடிமேல் உட்காரும் அக்ரிலிக் லென்ஸ் அது. முகம் பனிபடிந்த கண்ணாடி போல மங்கலாக இருக்கும் அகலக் கோண வகையாகப் பார். நடுவில் சின்னக் குவிலென்ஸ், ஓரமெல்லாம் முழு அக எதிரொளிப்பு. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, அதனால் 42 பாகைக்கு மேல் சாய்ந்து மோதும் ஒளி வெளியே தப்ப முடியாமல் முன்பக்கம் திரும்பிவிடுகிறது. பளபளப்புப் பூச்சே வேண்டியதில்லை. பொட்டு, ஓரம் என்று பிரிவில்லாமல் வெளிச்சம் படிப்படியாகத் தேய்ந்து மறையும். ஒரே கவனம் சூடு. அக்ரிலிக் 100 டிகிரியை நெருங்கினால் இளகும், ஆகையால் டிரைவரின் உச்ச அளவைக் குறைத்துவை. எல்இடியையும் மாற்றிவிடு. நிறம் மாறாமல் காட்டும் வகை நிச்சியா 219 எல்இடி அவர் கையில் இருந்தால் மாத்திரைப் பட்டையின் நிறமும் சரியாகத் தெரியும்.

தூரத்து வெளிச்சம் உனக்கும் ஆசையென்றால் அது தனி டார்ச். மேலே உருண்டைக் குவிமாடம் இல்லாத எக்ஸ்பி-எல் எச்ஐ எல்இடி, ஆழமான வழுவழுப்பான ரிஃப்ளெக்டர், முன்னால் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுள்ள கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி ஒரு பக்கத்துக்கு 4 சதவீதம், இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீதம் தின்றுவிடுகிறது. ரிஃப்ளெக்டரின் உட்புறத்தை மட்டும் எந்தத் துணியாலும் துடைக்காதே. அது ஆவியாகப் படிய வைத்த மெல்லிய அலுமினியம். சட்டை நுனியால் ஒருமுறை மெதுவாகத் துடைத்தேன், நூல் நூலாகக் கோடு விழுந்து இன்றுவரை போகவில்லை. ரப்பர் ஊதியால் ஊதினால் போதும்.

டிஐஆர் லென்ஸ் என்னிடம் இரண்டு மூன்று அளவில் இருக்கிறது. உன் டார்ச் தலையின் உள்விட்டம், எல்இடித் தட்டிலிருந்து கண்ணாடி வரை உள்ள ஆழம், இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து எழுது. பொருந்துவதை அனுப்பிவைக்கிறேன். அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கண்ணன்