அட்வான்ஸ் கொடுத்துவிடாதே, சேகர்

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. குண்டு ராமு டல்லஸுக்கு மாற்றலாகி வருகிறானாமே? இனி உன் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வாங்கி வை.

நேற்று ராத்திரி உன் செய்தியைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. "2017 லிங்கன் கான்டினென்டல், இல்லாவிட்டால் 2002 கேடிலாக் டெவில், ரெண்டில் ஒன்றை சனிக்கிழமை முடித்துவிடுகிறேன்" என்று ஒரே வரியில் எழுதி, இரண்டு போட்டோவையும் அனுப்பியிருக்கிறாய். இரண்டுமே பளபளவென்று கழுவி நிறுத்திய வண்டிகள். பளபளப்பைப் பார்த்து அந்தப் பழைய ராஜ்தூத் பைக்கை ஹாஸ்டலுக்குத் தள்ளிக்கொண்டு வந்த அதே ஆள்தானே நீ! போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, சரி" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

முதலில் என் சேதி. நானும் ஒன்று வாங்கிவிட்டேன். 2010 லிங்கன் டவுன் கார், கறுப்பு. அப்பாவுக்காகத்தான். உயரமான வண்டியில் காலைத் தூக்கி வைத்து ஏற அவரால் முடியவில்லை, சின்னக் காரில் குனிந்து இறங்கவும் முடியவில்லை. இதில் கதவு அகலமாகத் திறக்கிறது, சீட்டும் சோஃபா உயரத்தில் இருக்கிறது. அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்கிறார். டிரைவர் கதவில் ஐந்து பட்டன் இருக்கிறது பார், எண்ணை அழுத்தினால் பூட்டு திறக்கும். அதை அழுத்துவது தன் வேலை என்று அவரே எடுத்துக்கொண்டுவிட்டார்.

வண்டியை அதன் முதல் சொந்தக்காரரின் மனைவியிடம் வாங்கினேன். கணவர் இறந்த பிறகு ஃபுளோரிடாவிலிருந்து மகளோடு இருக்க இங்கே வந்தவர். கிளவ் பாக்ஸிலிருந்து ஒரு கனத்த ஃபைலை எடுத்துக் கொடுத்தார். ஆயில் மாற்றியது, கியர் ஆயில் மாற்றியது, பேட்டரி, பிரேக், எல்லா ரசீதும் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அன்றைய மைல் கணக்கைப் பென்சிலில் எழுதிவைத்திருந்தார் அந்த மனிதர். அந்த ஃபைலுக்குத்தான் நான் பணம் கொடுத்தேன் என்றே சொல்வேன். ஏனென்றால் 2010-க்கும் அதற்கு முந்தைய மாடலுக்கும் விற்பவர் ஓடோமீட்டர் கணக்கை எழுதி உறுதி தரவேண்டும் என்ற கட்டாயம் சட்டப்படி இப்போது இல்லை. 2011 மாடலிலிருந்துதான் இருபது வருஷம் வரை அந்தப் பொறுப்பு உண்டு. பழைய வண்டியில் டாஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் நம்ப முடியாது, ரசீதும் அதே கதையைச் சொல்லவேண்டும்.

டவுன் காரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அடியில் தனி சேசிஸ், அதன்மேல் பாடி. 4.6 லிட்டர் வி8 எஞ்சின், இரும்பு பிளாக், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். போலீஸ்காரர்களும் டாக்சிக்காரர்களும் வருஷக்கணக்கில் ஓட்டித் தேய்த்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவும் இதே குடும்பம்தான், அதே எஞ்சின். 2011-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும் எஞ்சின் சாமான் இன்றும் எங்கும் கிடைக்கிறது, பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்கிறான். குறையே இல்லை என்று சொல்லவில்லை. பின் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. ரப்பர் வெடித்துக் கசிந்தால் ராத்திரியில் வண்டியின் பின்பக்கம் மெல்ல உட்கார்ந்துவிடும், காலையில் அதைத் தூக்கி நிறுத்த ஓடி ஓடியே காற்றடைக்கும் கம்ப்ரசரும் தீய்ந்துபோகும். 1990-களின் பிற்பாதியிலிருந்து 2001 வரை வந்தவற்றில் எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் முன்பக்கத்தில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், ஓடும் வழியே பிளாஸ்டிக். அது விரிசல் விட்டுக் கூலன்ட் கொட்டும். பிறகு அந்த இடத்தில் அலுமினியம் போட்டார்கள். எல்லாமே வெளியில் தெரிகிற, கை எட்டுகிற இடத்துக் கோளாறுகள். அதுதான் விஷயம், சேகர்.

ஆடம்பரக் கார் பழசானால் விலை சரசரவென்று இறங்கும். ஆனால் அதன் ரிப்பேர் செலவு இறங்காது. கான்டினென்டல் புதிதாக வந்தபோது 45,000 டாலர் அளவில்தான் தொடக்க விலையே. இன்றைக்கு உன் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டது என்பதால் அதன் சீட் மோட்டாரும் ஹெட்லைட்டும் உன் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிடவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வியாபாரத்துக்காகவே சொன்னது போலிருக்கிறது. ஆகவே "நல்ல கம்பெனியா, மோசமான கம்பெனியா" என்று கேட்காதே. எந்த வருஷம், எந்த எஞ்சின், உடையக்கூடியது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேள்.

இப்போது உன் டெவில். அதில் இருப்பது நார்த்ஸ்டார் வி8. ஓட்டிப் பார், மயங்கிப்போவாய், அவ்வளவு வழவழப்பான எஞ்சின். 1993-இல் வந்தபோது அமெரிக்கர்கள் பெருமைப்பட்டதில் நியாயம் இருந்தது. கூலன்ட் முழுக்கப் போய்விட்டாலும் சிலிண்டர்களுக்கு மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்து உன்னை வீடு சேர்க்கும்படி அமைத்திருந்தார்கள். ஆனால் பிளாக் அலுமினியம், சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அந்த அலுமினியத்திலேயே மரை கடைந்து இறங்குகின்றன. வருஷம் போகப் போக மரை பிய்ந்து, போல்ட் தளர்ந்து, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், வண்டி சூடேறத் தொடங்கும். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஏற்றத்தில்தான் முதலில் காட்டும், அதனால் உன் தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினால் ஒன்றும் தெரியாது. சரிசெய்ய எஞ்சினையே கீழே இறக்கி, ஒவ்வொரு துளையையும் கடைந்து, இரும்பு மரை பதிக்கவேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு டெவிலே வாங்கலாம். பின்னாளில் போல்ட்டை மாற்றியமைத்தார்கள், டெவிலுக்குப் பதிலாக 2006 மாடலிலிருந்து வந்த டி.டி.எஸ்.ஸில் இந்தத் தொல்லை குறைவு என்று மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். 2002 அதற்கு முந்தியது. ஏற்கெனவே அந்த மரை வேலை செய்த ரசீது இருந்தால் பேசலாம். இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதே.

கான்டினென்டலைப் பற்றித்தான் எனக்கு நிஜமான கவலை. ஏனென்றால் அது நல்ல கார், நீ விட மனசு வராது. எனக்கும் வராது. அந்தப் பின்சீட்டும், கதவின் மேல்விளிம்பிலேயே புதைத்த கைப்பிடியும்! 2020-இல் நிறுத்தினார்களே என்று எனக்கு இன்னும் வருத்தம். ஆனால் எஞ்சின் எது என்று நீ எழுதவே இல்லை. மூன்று விதம் வந்தது: 3.7 லிட்டர் வி6, 2.7 டர்போ, 3.0 டர்போ. போட்டோவில் இருப்பது கீழ்நிலை மாடல் போலத் தெரிகிறது, அப்படியானால் 3.7 ஆகத்தான் இருக்கும்.

அந்த 3.7-ஐ கான்டினென்டலில் போலக் குறுக்குவாட்டில் வைத்த கார்களில் தண்ணீர் பம்ப் எஞ்சினுக்கு உள்ளே, டைமிங் கவருக்குப் பின்னால் இருக்கிறது. டைமிங் செயின்தான் அதைச் சுற்றுகிறது. பம்பின் சீல் தேய்ந்தால் முதலில் ஆல்டர்னேட்டர் பக்கத்தில் ஒரு சின்னத் துளை வழியாகக் கூலன்ட் சொட்டும். அந்த எச்சரிக்கையை யாரும் பார்க்காவிட்டால், அல்லது கசிவு பெரிதாகிவிட்டால், கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுக்கும், பேரிங் போகும், எஞ்சினே போகும். பம்ப் என்னவோ சின்னச் சாமான்தான். அதை எடுக்க முன்பக்கம் முழுவதையும் பிரிக்கவேண்டும், கூலிதான் உன்னைக் கொல்லும். டர்போ எஞ்சின்களில் பம்ப் இப்படி உள்ளே இல்லை, ஆனால் அவற்றுக்கு டர்போ சம்பந்தமான செலவுகள் தனி. லிங்கனின் எஞ்சின், கியர்பாக்ஸ் வாரன்டி 6 வருஷம் அல்லது 70,000 மைல். 2017 வண்டிக்கு அது முடிந்த கதை. அதன் பிறகு போவதெல்லாம் உன் பாக்கெட்டிலிருந்துதான்.

இன்னொன்று, நீ இருப்பது ஹூஸ்டன். 2017 ஆகஸ்ட் ஹார்வி வெள்ளத்தை நீயே மாடியிலிருந்து பார்த்தவன். அன்றைக்கு மூழ்கிய கார்கள் லட்சக்கணக்கில். அதில் எத்தனையோ வண்டி வேறு மாநிலத்தில் சுத்தமான டைட்டில் (உரிமைப் பத்திரம்) வாங்கிக்கொண்டு திரும்பிச் சந்தைக்கு வந்திருக்கிறது. 2017 மாடல், ஹூஸ்டனில், அடிமாட்டு விலைக்கு என்றால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான். டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே கையை விட்டுத் தடவு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பார். காருக்குள் வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தால் சந்தேகப்படு. வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரை, காப்பீட்டு மோசடிகளைக் கவனிக்கும் என்.ஐ.சி.பி. அமைப்பின் தளத்தில் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம், காப்பீட்டுக்காரர்கள் கழித்துவிட்ட வண்டியானால் பெரும்பாலும் அதில் தெரியும்.

சேகர், ஒரு விஷயம் மனசு விட்டு. உன் அலுவலகத்தில் ஆள் குறைப்பு நடக்கிறது என்று போன மாதம் நீ சாதாரணமாகச் சொன்னாய். நான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பையன் காலேஜுக்குப் போகும் வருஷம். கையில் இருப்பதை எல்லாம் சேர்த்துத்தான் இந்த வண்டி என்றால், அது எவ்வளவு நல்ல வண்டியானாலும் எனக்கு வேண்டாம். வண்டி விலையில் பாதியாவது ரிப்பேருக்கென்று தனியே ஒதுக்கி வைக்க முடிந்தால் மட்டும் வாங்கு. அது முடியாதென்றால் ஒரு வருஷம் பொறு. உன் பழைய கார் ஓடுகிறதல்லவா? யாரும் உன்னை ஒன்றும் நினைக்கப் போவதில்லை. உன் மச்சான் ஏதாவது சொல்வான், அவன் எதற்குத்தான் சொல்லவில்லை.

டீலரிடம் போனால் ஜன்னலில் "பையர்ஸ் கைடு" என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கவேண்டும், அது கூட்டரசு விதி. அதில் "ஆஸ் இஸ்" கட்டத்தில் குறி இருந்தால், கேட்டைத் தாண்டியதும் கெட்டுப்போனால் உன் பொறுப்பு என்று அர்த்தம். டீலர் வாயால் சொல்லும் வாக்குறுதியைப் பிறகு நிறைவேற்ற வைப்பது கஷ்டம், அந்தக் காகிதத்திலேயே எழுதித் தரச் சொல். மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று குண்டு ராமு சொல்வான், நம்பாதே. டீலர் கடையில் வாங்கும் காருக்குக் கூட்டரசுச் சட்டத்தில் அப்படி ஒரு வசதி கிடையாது.

அப்புறம், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சின்னக் கருவி ஒன்று எடுத்துக்கொண்டு போ. நான் டவுன் காருக்கு முன் ஒரு டீலரிடம் வேறொரு வண்டி பார்த்தேன். எஞ்சின் விளக்கு எரியவில்லை, எல்லாம் சுத்தம். கருவியைச் செருகிப் பார்த்தால் உள் சோதனைகள் பெரும்பாலும் "முடியவில்லை" என்றே வந்தது. அதாவது கோளாறுக் குறிகளை அப்போதுதான் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். விற்பனைக்காரர் விலையைக் குறைக்க ஆரம்பித்தார். நான் கிளம்பிவிட்டேன்.

வண்டியை எஞ்சின் ஆறிய நிலையில், காலையில் போய்ப் பார். நீ வருவதற்கு முன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேள். அரை மணி நெடுஞ்சாலையில் ஓட்டு. முக்கியமாக, டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் மேலே தூக்கிக் காட்டு. ஆயில் நிறம், பம்ப் துளை, அடிப்பாகம் எல்லாவற்றையும் அவன் பார்க்கட்டும். டெவில்தான் என்று பிடிவாதம் பிடித்தால் கூலன்டில் எஞ்சினின் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல், சோதனைக்கு வைக்கும் நீலத் திரவம் மஞ்சளானால் உடனே திரும்பி வா. மெக்கானிக்கிடம் காட்ட அனுமதிக்க மாட்டேன் என்று டீலர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்.

அந்தச் சோதனைக்கு ஆகும் காசை நான் அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, ராஜ்தூத் கணக்கில் நான் உனக்குத் தரவேண்டியதே இன்னும் பாக்கி. வின் நம்பரை இன்று ராத்திரியே அனுப்பு, கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்த குறைகள் எதுவும் இதில் சரிசெய்யாமல் நிற்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுகிறேன், எடு.

அன்புடன்,
பாஸ்கர்

பி.கு.: டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பூ அழியாமல் புதுசு போல இருந்தாலும் பத்து வருஷ டயர் என்றால் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்.