பென்சில் சீவிக்கு முன்னோடிகள் பலர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில், பென்சில் சீவியைக் கண்டுபிடித்தவர் ஜான் லீ லவ், ஆண்டு 1897 என்று ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. மூன்றாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி அதை அழகாக வெட்டித் தன் திரட்டேட்டில் ஒட்டிவிட்டாள். லவ்வின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொன்னதற்கு முதலில் நன்றி. ஆனால் அவருக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டு முன்பே பென்சில் சீவி பிறந்துவிட்டது. புதிர்ப்போட்டிகளில் லவ் பெயரே சரியான விடை என்று நிலைத்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

பென்சில் சீவிக்கு முதன்முதலில் காப்புரிமை கேட்டவர் பெர்னார் லாசிமோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். ஆண்டு 1828. 1833இல் இங்கிலாந்தில் ஸ்டைலாக்ஸினான் என்று ஒன்று வந்தது. ஈட்டி மரக் கட்டையில் இரண்டு அரங்களைச் செங்கோணமாகப் பதித்திருப்பார்கள். பென்சில் முனையை அதில் தேய்க்க வேண்டும். அதைச் சீவுவது என்பதைவிட ராவுவது என்று சொல்வதே பொருத்தம்.

1847இல் தியரி தெ எஸ்டிவோ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் செய்ததுதான் பெரிய திருப்பம். இன்று பள்ளிப் பையில் கிடக்கும் மலிவு சார்ப்னர் ஒன்றை எடுத்து, அதன் ஒற்றைத் திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். ஒரு சிறு கத்தித் தகடு கையோடு வந்துவிடும். மிச்சமிருப்பது கூம்பு வடிவக் குழியும், அதன் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பிளவும்தான். அந்தக் குழிதான் அவர் தந்த யோசனை. அதற்குமுன் கத்தியால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பிச் செதுக்க வேண்டும், சாய்வு கைக்குக் கை மாறும். குழிக்குள் பென்சிலை நுழைத்துச் சுற்றினால், யார் சுற்றினாலும் எல்லாப் பக்கமும் ஒரே சாய்வில் சீவப்படும். சீவலும் ஓரத்தில் வண்ணக்கோடு போட்ட பூவிதழ்போல் சுருண்டு வரும். அதை ஒட்டிப் பூப்படம் செய்யாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை உண்டா? 1855இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் ஃபாஸ்டர் இந்த வகையை எளிமையாக்கிக் காப்புரிமை வாங்கினார். அப்புறம்தான் இது பெருமளவில் செய்யக்கூடிய பொருளானது.

சரி, லவ் என்ன செய்தார்? 1897 நவம்பர் 23 அன்று அவர் காப்புரிமை பெற்றது கைப்பிடி வைத்த, கையில் எடுத்துப்போகக் கூடிய ஒரு சீவிக்கு. சீவல் வெளியே சிந்தாமல் உள்ளேயே தங்கும். வேண்டுமானால் அலங்காரமாகச் செய்து, மேசையில் தாள் பறக்காமல் வைக்கும் எடைக்கல்லாகவும் பயன்படுத்தலாம் என்பது அவர் எண்ணம். கறுப்பினத்தவரான அவர் மசாசூசெட்ஸில் தச்சு வேலை பார்த்தவர். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், பூச்சு வேலைக்காரர் சாந்து ஏந்தும் பலகையை மடக்கி எடுத்துப்போகும்படி செய்து அதற்கும் காப்புரிமை வாங்கியிருந்தார்.

தச்சர் என்று படித்ததும் எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. பட்டர்வொர்த்தில் தளவாடப் பட்டறையில் வேலை செய்தவர். காதில் எப்போதும் தட்டைப் பென்சில் ஒன்று செருகியிருக்கும். உருண்டையாக இருந்தால் பலகையிலிருந்து உருண்டு ஓடிவிடும், அதனால்தான் தட்டை. அது சாதாரணச் சீவியின் குழிக்குள் நுழையாது. உளியால் நான்கே இழுப்பில் சீவி, முனையை உப்புத்தாளில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். “கோடு தடித்தால் பலகையில் கால் நூல் போச்சு” என்பார். நூல் என்பது தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கூர்முனையின் அருமை கோடு போட்டு அறுப்பவருக்குத் தெரியும். லவ்வுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லவ் காலத்தில் இன்னொரு வழியும் திறந்தது. 1896இல் ஏ.பி. டிக் நிறுவனம் பிளானட்டரி என்ற பெயரில் மேசைச் சீவியை விற்றது. கோள்கள் சூரியனைச் சுற்றுவதுபோல் வெட்டும் சக்கரங்கள் தாமும் சுழன்றுகொண்டு பென்சிலையும் சுற்றிவரும், பென்சில் அசையாது. பிறகு சக்கரங்களின் இடத்துக்குச் சாய்வுப் பற்கள் கொண்ட எஃகு உருளைகள் வந்தன. நான் பாடம் நடத்திய பள்ளியின் சன்னலோரம் திருகி வைத்திருந்ததும் இந்த வகைதான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில், தேர்வுக்கு முதல்நாள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் 2பி பென்சிலோடு அதன்முன் வரிசை பிடிப்பார்கள். சீவல் நிறைந்த அதன் பெட்டியை நான்தான் கொட்டுவேன். அந்த மரவாசனை சட்டையிலேயே இருக்கும்.

ஆகவே வரும் இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். லவ்வை நீக்க வேண்டாம். சீவல் சிந்தாத கையடக்கச் சீவிக்குக் காப்புரிமை பெற்றவர் என்று எழுதி, அவருக்கு முன் லாசிமோன், எஸ்டிவோ பெயர்களையும் ஆண்டோடு சேர்த்துப் போடுங்கள். பேத்தியின் திரட்டேட்டில் அந்தச் செய்திக்குக் கீழே அரைப் பக்கம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.