குப்பைக் கணக்கில் காணாமல் போன 50,000 டன்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாட்டில் சேரும் குப்பையில் 95 சதவீதத்தை அள்ளிவிடுகிறோம் என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது, உங்கள் பத்திரிகையிலும் வந்தது. அதை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 ஆண்டறிக்கையில் இருக்கும் எண் அது. அதே அறிக்கையை மேற்கொண்டு படியுங்கள். ஒரு நாளைக்குச் சேரும் குப்பை 1,60,039 டன், அள்ளுவது 1,52,749 டன், உரமாகவோ வேறெதாகவோ மாற்றுவது 79,956 டன், கிடங்கில் கொட்டுவது 29,427 டன். கூட்டிக் கழித்தால் தினமும் 50,000 டன்னுக்கு மேல் கணக்கில் இல்லை. வாரியமே இதை மறைக்காமல் அச்சிட்டிருக்கிறது. இதில் அள்ளாமல் விட்டது 7,000 டன் சொச்சம்தான்; மீதி 43,000 டன் வண்டியில் ஏறிய குப்பை, அது எங்கே இறங்கியது என்பதுதான் தெரியவில்லை. ஒரு பங்கு காயலான் கடைக்குப் போயிருக்கும், சரி. ஏரியில் கொட்டியதும் தீ வைத்ததும் எவ்வளவு?

அந்த எண்கள் வந்த வழி இதுதான். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி உள்ளாட்சிகள் ஜூன் 30க்குள் படிவம் நிரப்பித் தர வேண்டியிருந்தது, மாநில வாரியம் ஜூலை 31க்குள் தொகுத்து அனுப்ப வேண்டியிருந்தது, மத்திய வாரியம் ஆகஸ்ட் 31க்குள் அமைச்சகத்துக்கு அறிக்கை தர வேண்டியிருந்தது. அடியில் நிரப்புகிற எண் எப்படியோ, மேலே போவதும் அப்படியே. எங்கள் ஊர்க் கிடங்கில் எடைமேடை கிடையாது. வாசலில் இருப்பவர் நோட்டில் லாரி எத்தனை நடை வந்தது என்று கோடு போடுவார், நடைக்கு இத்தனை டன் என்று பெருக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். லாரி அரைகுறையாக வந்தாலும் ஒரு நடைதான், மழையில் நனைந்து கனத்து வந்தாலும் ஒரு நடைதான்.

2024இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இந்தக் கணக்கின் குறையைப் பற்றி எழுதினார்கள். இந்திய அரசுக் கணக்குப்படி தலைக்கு ஒரு நாளைக்கு சுமார் 120 கிராம் குப்பைதான் வருகிறது, இது குறைவான மதிப்பீடாகத்தான் இருக்கும் என்றார்கள். கிராமங்களும், அள்ளாமல் தெருவிலேயே எரிக்கும் குப்பையும், குப்பை பொறுக்குபவர்கள் பிரித்தெடுத்து விற்பதும் அந்தக் கணக்கில் வருவதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். நாம் குடித்துவிட்டுப் போடும் ஒரு இளநீர்க் கூடே ஒரு கிலோவுக்கு வரும்! வெயிலிலும் மழையிலும் அத்தனை குப்பையையும் தரம் பிரித்துத் தருகிற அந்த மக்களின் உழைப்பு இந்த டன் கணக்கில் வருவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

கணக்கு குறைந்தால் திட்டமும் குறையும். 100 டன் வருகிற ஊருக்கு 60 டன்னுக்கு உரக்கூடம் கட்டினால், மிச்சம் 40 டன் எங்கே போகும் என்று கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எடை போட்டதா, உத்தேசமா என்று உள்ளாட்சிகள் எழுத வேண்டும். எடைச்சீட்டைத் தினமும் வார்டுவாரியாக இணையத்தில் போடட்டும், பெரிய செலவில்லை. உங்களிடமும் ஒரு கோரிக்கை: அடுத்த முறை இந்தச் சதவீதத்தை வெளியிடும்போது, கணக்கில் வராத டன்னையும் அதே செய்தியில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்
சேலம் மாவட்டம்