கொட்டை எழுத்தில் கிகாஹெட்ஸ், மற்றதெல்லாம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு பதிப்பில் வரும் கொம்பியூட்டர் கடை விளம்பரங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள்.

பேத்தி உயர்தரம் படிக்கிறாள். அவளுக்காகப் போன மாசியில் பாவித்த கொம்பியூட்டர் ஒன்றை 38,000 ரூபாவுக்கு வாங்கினேன். விளம்பரத்தில் ‘கோர் ஐ5, 3.2 கிகாஹெட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பிரொசசரின், அதாவது கொம்பியூட்டரின் மூளையின், பெயரும் வேகமும் அது. அதைத்தான் பார்த்தேன். பதுக்கு நினைவகம் (cache) பற்றிப் பாடமாக்கிப் பரீட்சை எழுதிய பேத்தியும் கூடத்தான் வந்தாள். அவளும் வேறொன்றும் கேட்கவில்லை.

வீட்டில் போட்டால் விண்டோஸ் எழும்புவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். சூம் வகுப்போடு குரோமையும் திறந்தால் முன்பக்கச் சிவப்பு லைட் அணையாமல் எரியும், உள்ளே கரகரவென்று சத்தம், மௌஸ் அசையாது. பிரொசசர் பழுது என்று கடைக்குச் சண்டைக்குக் கிளம்பிய என்னைத் தடுத்தவர் பக்கத்து வீட்டுத் தம்பி. கொம்பியூட்டர் திருத்துகிறவர். டாஸ்க் மனேஜரைத் திறந்து காட்டினார்: பிரொசசர் 15 வீதம், நினைவகம் 94, டிஸ்க் 100. “ஐயா, வேலையாள் கை கட்டிக்கொண்டு நிற்கிறார். சாமான்தான் வந்து சேரவில்லை” என்றார்.

3.2 கிகாஹெட்ஸ் என்றால் செக்கனுக்கு 320 கோடிச் சுற்று. 4 ஜிபி ராம் (அந்த நினைவகந்தான்) நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தைச் சுழலும் தட்டுள்ள ஹாட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கிறது. அங்கே ஒரு துண்டைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லிசெக்கன். அதற்குள் பிரொசசர் 3 கோடிச் சுற்றுக்கு மேல் வீணாகக் கழித்துவிடும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி என்ற டிஸ்கில் அந்தத் தேடல் நூறில் ஒரு பங்கு நேரந்தான்.

பெட்டியைத் திறந்தார். நாலு ஸ்லொட்டில் ஒன்றில் மட்டும் ராம். கல்லடிப் பழைய பாலம் நினைவுக்கு வந்தது. ஒரு வழி, அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் சைக்கிளோடு எத்தனை வருடம் நின்றிருப்பேன்! 2013 இல் புதுப் பாலம் வந்த பிறகுதான் அந்த நிற்பு போனது. ராமும் அப்படித்தானாம்: 1600 வேக டிடிஆர்3 வகை ராம் ஒற்றையாக இருந்தால் செக்கனுக்கு உச்சம் 12.8 ஜிபி, சோடியாகப் பொருத்தினால் 25.6. படம் காட்டும் வேலைக்குத் தனிக் கார்ட் இல்லாத எங்களுடையதைப் போன்ற பெட்டிகளில் இது நன்றாகத் தெரியும். என்றாலும் எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் எஸ்எஸ்டியால்தான் வந்தது.

இன்னொரு 4 ஜிபி ராமும் 240 ஜிபி எஸ்எஸ்டியும் 9,500 ரூபாவோடு முடிந்தது. பிரொசசர் அதேதான். இப்போது தேத்தண்ணிக்குச் சீனி போடுவதற்குள் திரை வந்துவிடுகிறது.

அந்த விளம்பரத்தில் ராம் எத்தனை ஜிபி, எத்தனை துண்டு, உள்ளே இருப்பது ஹாட் டிஸ்கா எஸ்எஸ்டியா என்று ஒரு வரி இருந்திருந்தால் கடையிலேயே பேரம் பேசியிருப்பேன். கடைக்காரர்கள் தாங்களாக எழுதித் தரமாட்டார்கள். விளம்பரத்தை ஏற்கும்போது நீங்கள் கேட்டு வாங்கிப் போடலாமே.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
கல்லடி, மட்டக்களப்பு.